புதிய மனநல வார்டு: கட்டடத்துக்கு நல்ல மார்க், காத்திருக்கும் இடத்துக்கு முட்டை

சித்தப்பாவைச் சேர்த்திருந்ததால் எங்கள் ஊர் ஆஸ்பத்திரியின் புதிய மனநல வார்டை உள்ளே போய்ப் பார்க்க முடிந்தது. பெயர் போடவில்லை, சுற்றிலும் செம்பனை, ஒரே ஒரு பஸ் ஸ்டாண்டு, இந்தப் பக்கத்து ஆட்களுக்கு அது போதும்.

முன்பெல்லாம் தோட்டத்தில் (எஸ்டேட்டில்) யாருக்காவது மனசு சரியில்லை என்றால் ஒரே பேச்சுதான், "தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பு". மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இருக்கும் அந்த ஊரில் 1911-இல் திறந்த மனநல ஆஸ்பத்திரியால் ஊர்ப்பெயரே திட்டாகிப் போய், அந்தப் பயத்திலேயே பாதிப் பேர் பூசாரியிடம் போனார்கள், டாக்டரிடம் போகவில்லை. இப்போது பொது ஆஸ்பத்திரிக்குள்ளேயே வார்டு இருக்கிறது. வாசலில் பார்ப்பவனுக்கு நீங்கள் இனிப்பு நீருக்கு (சர்க்கரை நோய்க்கு) வந்தீர்களா, வேறு எதற்காவது வந்தீர்களா என்று தெரியாது. எனக்கு இதுவே பெரிய விஷயம்.

உள்ளே ஆளுக்கு ஓர் அறை, அதிலேயே குளியலறை. இது சொகுசுக்காக இல்லை. பழைய வார்டுகளில் வரிசையாகக் கட்டில் போட்டு, ஒருவர் கத்தினால் எல்லோருக்கும் தூக்கம் போய், மறுநாள் எரிச்சல், அப்புறம் சண்டை, அப்புறம் ஊசி என்று போகும். சுவீடனில் கோத்தன்பர்க் நகரத்து ஓஸ்ட்ரா மருத்துவமனையில் 2006-இல் மனநலப் பிரிவைத் தனி அறைகள், தோட்டம், வெளிச்சம் என்று புதிதாகக் கட்டியபோது, பழைய கட்டடத்தைவிடக் கட்டாய ஊசியும் கட்டிப்போடுவதும் குறைந்தன. சுவருக்குச் செலவழித்தால் கயிறு மிச்சம்.

சித்தப்பாவுக்குக் கிடைத்தது கிழக்குப் பார்த்த அறை, அதிர்ஷ்டம்தான். அவருக்கு பைபோலார், மனநிலை ஒரேயடியாக எகிறுவதும் சோர்ந்து விழுவதுமாக மாறி மாறி வரும் நோய், இந்த முறை சோர்வுப் பக்கம் விழுந்திருந்தார். இதே நோயின் சோர்வு நிலையில் இருந்தவர்களை வைத்து மிலானில் செய்த ஆய்வு ஒன்று 2001-இல் வந்தது: காலை வெயில் விழும் கிழக்கு அறைகளில் இருந்தவர்கள் மேற்கு அறைக்காரர்களைவிடச் சராசரி 3.67 நாள் முன்னதாக வீட்டுக்குப் போனார்கள். பெரட்டுக்கு (தோட்டத்தில் காலையில் பெயர் கூப்பிட்டு வேலை பிரிப்பது) விடியற்காலையில் எழுந்து பழகிய உடம்புக்கு இதை யாரும் விளக்கவே வேண்டாம். ஆனால் பாதி அறைகள் மேற்கே கார் நிறுத்துமிடத்தைப் பார்த்துத்தான் இருக்கின்றன, மூன்று மணிக்கு மேல் திரை போடாமல் உட்கார முடியாது. இவ்வளவு நிலம் இருந்தும் கட்டடத்தை ஏன் இப்படித் திருப்பி வைத்தார்களோ.

பாதுகாப்பு ஏற்பாடுகள் கண்ணை உறுத்தாமல் இருப்பது பிடித்தது. திரைச்சீலையின் கம்பி எடை தாங்காது, இழுத்தால் கழன்றுவிடும். குழாய்களில் எதையும் மாட்ட முடியாத வளைவு, கண்ணாடி உடையாத வகை. அறைக் கதவு இரண்டு பக்கமும் திறக்கும், உள்ளிருந்து யாராவது அடைத்துக்கொண்டாலும் மிஸ்ஸிகள் (நர்ஸ்கள்) வெளிப்பக்கமாக இழுத்துத் திறக்கலாம். ஜெயில் மாதிரி எதுவுமே இல்லை. கதவு சாத்தும் சத்தம் மட்டும் விதிவிலக்கு, ராத்திரி ஒவ்வொரு முறை பார்க்க வரும்போதும் டமார் என்கிறது. தூக்கம்தான் அங்கே பாதி மருந்து, கதவு விளிம்பில் ஒரு ரப்பர் பட்டை ஒட்டக்கூடவா காசில்லை?

நடுவில் இருக்கும் தோட்டத்தைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் சொல்லலாம். பாதை சுற்றிச் சுற்றி வந்து சேர்கிறது, முட்டுச்சந்தே கிடையாது. சில மருந்துகள் கால்களை ஓரிடத்தில் நிற்க விடாது, அப்படிப்பட்டவர் நடந்துகொண்டே இருக்கலாம், பேசப் பிடிக்காதவர் எதிரில் வந்தால் விலகிப் போக இன்னொரு பக்கம் இருக்கிறது. பண்டான், கறிவேப்பிலை, செம்பருத்தி வைத்திருக்கிறார்கள். ஓரத்தில் யாரோ அரளியும் வைத்திருந்தார்கள்! கோயிலுக்கு நல்லது, இங்கே கூடாது, இலை முதல் வேர் வரை விஷம். மிஸ்ஸியிடம் சொன்னேன், அடுத்த முறை போனபோது தொட்டியே இல்லை. கேட்டதும் செய்தார்கள், அதற்குத் தனி மார்க்.

இனி முட்டை விஷயம். குடும்பத்தைப் பார்க்கும் இடம் என்று லிஃப்ட் பக்கத்தில் நாலு பிளாஸ்டிக் நாற்காலி, மேலே ஓயாமல் அலறும் டிவி. தோட்டத்து ஆட்கள் தனியாகவா வருவார்கள்? வேலை முடித்து, வேன் பிடித்து, பாட்டி, பேரப்பிள்ளை, சோற்றுத் தூக்கு எல்லாமாக வருவார்கள். சித்தி பேச வந்ததைப் பேசாமலே திரும்பினார், பக்கத்து நாற்காலியில் இருந்தது எங்கள் லயத்துக்காரரின் சம்பந்தி. மறுநாள் லயம் (தோட்டத்து வரிசை வீடுகள்) முழுக்கத் தெரிந்துவிடும். கதவு சாத்தி உட்கார்ந்து சாப்பிட ஒரு மேசையோடு இரண்டு சிறிய அறை போதும். வீட்டுக்குப் போன பிறகு மாத்திரை கொடுக்கப்போவது இந்தக் குடும்பம்தானே, வரைபடம் போட்டவர் அவர்களை ஏதோ பார்சல் கொடுக்க வருகிறவர்கள் என்று நினைத்துவிட்டார்.

போகிறவர்களுக்கு: சார்ஜர் வயர், நாடா வைத்த கால்சட்டை, கண்ணாடி பாட்டில், பிளாஸ்டிக் பை எதுவும் கவுண்டரைத் தாண்டாது. சாப்பாட்டை பிளாஸ்டிக் டப்பாவில் கொண்டுபோங்கள், ஐசி (அடையாள அட்டை) மறக்காதீர்கள், அறை கேட்கும்போது கிழக்குப் பக்கம் இருக்கிறதா என்று வாய்விட்டே கேளுங்கள்.