'கேக்குதா?': ரவுட்டரில் கேக் போட்டு இரண்டு வருடம்

எங்கள் வீட்டு ஃபைபர் லைனில் டவுன்லோடு 100 எம்பிபிஎஸ், அப்லோடு 20. ஸ்பீட் டெஸ்ட்டில் ஒரு குறையும் தெரியாது. ஆனால் மனைவியின் போன் படங்களை பேக்கப் எடுக்க ஆரம்பித்தால் போதும், ஆபீஸ் மீட்டிங்கில் என் குரல் கிணற்றுக்குள் போய்விடும். "கேக்குதா? இப்போ கேக்குதா?" என்றே பாதி மீட்டிங் ஓடும்.

ஒருநாள் பிங்கை (ஒரு சின்னச் செய்தி போய்ப் பதில் திரும்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளக்கும் சோதனை) ஓடவிட்டுக்கொண்டே பெரிய ஃபைல் ஒன்றை அப்லோடு செய்து பார்த்தேன். 9 மில்லிசெகண்டில் வந்த பதில், சில நொடிகளில் 400-ஐத் தொட்டது. கணக்கும் சரியாகத்தான் வருகிறது: மோடத்துக்குள் (ஃபைபர் பெட்டிதான்) 1 எம்பி, அதாவது 8 மெகாபிட், தேங்கினால், 20 எம்பிபிஎஸ் வேகத்தில் அது வடிய 0.4 நொடி ஆகும். இந்தத் தேக்கத்துக்கு 'பஃபர்புளோட்' என்று பெயர் வைத்தவர் ஜிம் கெட்டிஸ் என்ற கணினிப் பொறியாளர். தபால் ஆபீசில் ஒரே ஒரு ஸ்டாம்ப் வாங்க வந்தவர், மூட்டை மூட்டையாகப் பார்சல் வைத்திருப்பவருக்குப் பின்னால் நிற்கிற கதைதான்.

ஓபன்டபிள்யூஆர்டி என்ற இலவச லினக்ஸ் மென்பொருள் ஓடும் ரவுட்டர் ஒன்றில், வரிசைகளை ஒழுங்குபடுத்தும் எஸ்க்யூஎம் என்ற பேக்கேஜைப் போட்டு, அதில் 'கேக்' என்ற வரிசை முறையைத் தேர்ந்தெடுத்தேன். 2018-இல் லினக்ஸ் 4.19-இல் சேர்ந்தது இது. அப்லோடை 18 என்றும் டவுன்லோடை 90 என்றும் குறைத்து எழுதினேன். வேண்டுமென்றே குறைத்தால்தான் வரிசை மோடத்தில் சேராமல் நம் ரவுட்டரில் சேரும். அங்கே ஒவ்வொரு இணைப்புக்கும் தனி வரிசை. கொஞ்சமாக அனுப்பும் குரல் பாக்கெட்டுக்கு (டேட்டாவின் சிறு துண்டு) முதலில் வழி கிடைக்கும். நீண்ட நேரம் தேங்கி நிற்கும் வரிசையில் சில பாக்கெட்டுகளை கேக் கீழே போட்டு, அனுப்புபவரைத் தானாக வேகம் குறைக்க வைக்கும்.

இப்போது அதே அப்லோடின் நடுவிலும் பிங் 15-ஐத் தாண்டுவதில்லை.

குறைகளும் உண்டு. முதலில் பரணில் கிடந்த பழைய ரவுட்டரில் போட்டுப் பார்த்தேன். 60 எம்பிபிஎஸ்ஸிலேயே அதற்கு மூச்சு வாங்கியது. வேலை முழுக்க சிபியு தலையில்தான் விழும், சிபியுவைத் தொடாமல் டேட்டாவைக் கடத்திவிடும் ஹார்டுவேர் ஆஃப்லோடையும் அணைத்துவிட வேண்டும். கூடுதல் ஆப்ஷனில் 'நாட்' என்ற சொல்லை (ஒரே வெளி முகவரிக்குப் பின்னால் இருக்கும் வீட்டுக் கருவிகளைத் தனித்தனியாக அடையாளம் காணச் சொல்வது) சேர்க்காமல் விட்டதில் வேறொரு கூத்து: வீட்டிலுள்ள எல்லாக் கருவிகளும் கேக்கின் கண்ணுக்கு ஒரே ஆளாகத் தெரிந்தன. ஃபைல் இறக்க ஒரே நேரத்தில் இருபது இணைப்பு திறக்கும் டோரண்ட் இருபது பங்கை அள்ளிக்கொண்டது. சேர்த்த பிறகுதான் ஆளுக்கொரு பங்கு. சுவருக்குப் பின்னால் வைஃபை திணறினால் இது எதுவும் செய்யாது. வேகம் ஏறி இறங்கும் 4ஜி டாங்கிளில் எந்த எண்ணை எழுதுவது என்றே புரியாமல் அணைத்துவிட்டேன்.

போன மார்ச்சில் பிளானை 200-க்கு மாற்றினேன். வேகம் 90-ஐத் தாண்டவே இல்லை. ஒரு வாரம் கஸ்டமர் கேருடன் சண்டை. லைன்மேன் வந்து, என் லேப்டாப்பை நேராக ஃபைபர் பெட்டியில் சொருகிக் காட்டினார்: 198. டீ கொடுத்து அனுப்பிவிட்டு, ரவுட்டரில் நானே எழுதி வைத்திருந்த 90-ஐ 180 ஆக மாற்றினேன்.