தேசேயில் ஒரு வாரம்: பாத்திரத் தொட்டிக்கே முதல் மதிப்பெண்

பல சபைகளைச் சேர்ந்த கிறிஸ்தவத் துறவிகள் (சகோதரர்கள்) ஒன்றாக வாழும் தேசே என்றதும் நம்மில் பலருக்கு ஞாபகம் வருவது மெழுகுவர்த்தியும், இரண்டு வரியைத் திரும்பத் திரும்பப் பாடுகிற பாட்டும்தான். அந்தப் பாட்டு பிறந்த ஊருக்கே போய் ஒரு வாரம் தங்குவது செலவுக்கும் அலைச்சலுக்கும் தகுமா? தகும். ஆனால் ஆலயத்துக்குள் கிடைப்பதைவிடச் சாப்பாட்டு வரிசையிலும் பாத்திரம் கழுவும் தொட்டியிலும் கிடைப்பதுதான் அதிகம். தேவனுடைய ராஜ்யம் "பிரத்தியட்சமாய் வராது" என்ற லூக்கா 17:20-ஐ நினைவில் வைத்துக்கொண்டு போகிறவர்கள் ஏமாற மாட்டார்கள்.

பிரான்ஸின் பர்கண்டிப் பகுதியில், க்ளூனி என்ற ஊருக்குச் சுமார் 10 கிலோமீட்டர் வடக்கே குன்றின் மேல் இருக்கிற சிற்றூர் இது. சுவிஸ்காரரான சகோதரர் ரோஜர் 1940-இல், தம் 25-ஆம் வயதில், இங்கே ஒரு வீடு வாங்கினார். போருக்குத் தப்பி வந்தவர்களுக்கு, யூதர்கள் உட்பட, அதில் இடம் கொடுத்தார். போர் முடிந்தபின் பக்கத்து முகாமிலிருந்த ஜெர்மானியக் கைதிகளுக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் அதே வீட்டின் கதவு திறந்தது. 1949 ஈஸ்டரில் முதல் ஏழு சகோதரர்கள் துறவு வாழ்வுக்குப் பொருத்தனை செய்தார்கள். 1962-இல் திறந்த ஒப்புரவு ஆலயத்தைக் கட்ட உதவியவர்கள், தங்கள் நாடு போரில் செய்த கேட்டுக்குப் பரிகாரமாக உழைக்க வந்த ஜெர்மானிய இளைஞர்கள். இந்தப் பின்னணி தெரியாமல் போனால், கான்கிரீட் கொட்டகை போலத் தெரியும் அந்தக் கட்டடம் மனதில் ஒட்டாது.

வருகிறவர்களுக்கான ஜெப வாரம் ஞாயிறு தொடங்கி ஞாயிறு வரை. முக்கியமாக 15 முதல் 35 வயதினருக்கானது. அதற்கு மேற்பட்டவர்களுக்கும் குடும்பங்களுக்கும் தனி ஏற்பாடு உண்டு. வார நாட்களில் காலை 8.15, மதியம் 12.20, இரவு 8.30 என மூன்று வேளை ஜெபம். வெள்ளை அங்கி அணிந்த சகோதரர்கள் நடுவில் அமர, மற்றவர்கள் சுற்றிலும் தரையில் உட்கார வேண்டும். அடுத்த பாட்டின் எண் சுவரில் ஒளிரும், கையில் பாட்டுப் புத்தகம் இருக்கும். பிரசங்கம் கிடையாது. ஒவ்வொரு ஜெபத்தின் நடுவிலும் பத்து நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாக மௌனம். பிரசங்கத்தைக் கொண்டே ஆராதனையை அளக்கிற நம் ஆட்களுக்கு முதல் இரண்டு நாள் இது இருப்புக்கொள்ளாது. புதன்கிழமைக்குள் சரியாகிவிடும். முழங்கால் வலிக்கிறவர்கள் குட்டையான மர ஜெபப் பலகை ஒன்றை எடுத்துக்கொள்ளலாம், ஓரங்களில் உட்கார இடமும் உண்டு.

இனி சாப்பாடு. காலையில் ரொட்டி, வெண்ணெய், குச்சி குச்சியாகச் சாக்லேட், குடிக்கத் தேநீரோ கோகோவோ. கைப்பிடியில்லாத கிண்ணம்தான் கோப்பை. மதியமும் இரவும் சூடாக ஒரு பதார்த்தம், ரொட்டி, பழம், பிஸ்கட். ஒரு தட்டு, ஒரு கிண்ணம், ஒரு கரண்டி, அவ்வளவுதான். கத்தியும் முள்கரண்டியும் இல்லாததால் கழுவ வேண்டியதும் குறைகிறது. ருசிக்கு மதிப்பெண் கேட்டால் பத்துக்கு நான்கு. காரம் வேண்டுமென்றால் ஊறுகாய்ப் பொட்டலம் கொண்டுபோவது புத்திசாலித்தனம்.

பரிமாறுவதும் கழுவுவதும் கழிப்பறை சுத்தம் செய்வதும் வந்தவர்களே. வேலைக்குழுவை வந்து சேர்ந்ததும் பிரித்துவிடுவார்கள். இங்கேதான் கோட்டைவிடுகிறோம். குழுவாகப் போகிறவர்கள் "எங்களை ஒன்றாகப் போடுங்கள்" என்று கேட்டு வாங்கி, வாரம் முழுவதும் தங்களுக்குள்ளேயே பேசித் திரும்புகிறார்கள். தனித்தனியாகப் பிரிக்கச் சொல்லுங்கள். முன்பின் தெரியாத போலந்துக்காரரோடும் போர்த்துக்கீசியரோடும் நூற்றுக்கணக்கான தட்டுகளை அலசும்போது யார் எந்தச் சபை, யார் பட்டதாரி என்ற பேச்சே எழாது. கழிப்பறைக் குழு கிடைத்தால் மாற்றிக் கேட்காதீர்கள். சிரிப்பும் பாட்டும் அதிகம் கேட்பது அங்கேதான்.

சகோதரர் ஒருவர் வேதபாடம் நடத்தியபின் சிறு குழுக்களில் கலந்துரையாடல். இது குழுவைப் பொறுத்தது. ஆங்கிலம் சரளமாகப் பேசுகிற இருவர் மாட்டினால் மற்றவர்கள் வாய் திறப்பதில்லை. கேள்விக்கு ஒவ்வொருவரும் முதலில் இரண்டு வாக்கியம் சொல்வது என்று முதல் நாளே பேசிவைத்துக்கொண்டால் பிழைத்தீர்கள்.

சகோதரர்களின் சமூகம் தனக்கென நன்கொடை வாங்குவதில்லை. சகோதரர்கள் குடும்பச் சொத்தையும் தங்களுக்கென வைத்துக்கொள்வதில்லை. மட்பாண்டம், புத்தகம் என்று உழைத்துச் சாப்பிடுகிறார்கள். வருகிறவர்கள் தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் ஆகிற செலவுக்குப் பங்களிப்பு கொடுக்க வேண்டும். அது அவரவர் நாட்டைப் பொறுத்து மாறும். காணிக்கைத் தட்டு வராத ஆராதனையில் ஒரு வாரம் உட்காருவதும் நல்ல அனுபவம்தான்.

குறைகளும் உண்டு. கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையாரும் சகோதரர்களாகச் சேர்ந்து வாழும் இடத்திலும், திருவிருந்து என்று வரும்போது பழைய பிரிவு இன்னும் முழுதாகத் தீர்ந்துவிடவில்லை. பெறாதவர்களுக்கு ஆசீர்வதிக்கப்பட்ட அப்பம் தருகிறார்கள், ஆறுதல்தான், தீர்வல்ல. அதைவிடக் கனமானது, பல பத்தாண்டுகளுக்கு முன் சில சகோதரர்கள் இழைத்ததாகச் சொல்லப்பட்ட பாலியல் அத்துமீறல்களைச் சமூகமே 2019 ஜூனில் பகிரங்கப்படுத்தியது. தானாக முன்வந்து சொன்னது மதிக்கத்தக்கது. ஆனாலும் 18 வயதுக்குட்பட்டவர்களை அனுப்பும் சபைகள் பொறுப்பான பெரியவர்களை உடன் அனுப்பி, அங்குள்ள பாதுகாப்பு விதிகளையும் முதலிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

வெள்ளி இரவு சிலுவையைத் தரையில் கிடத்தி, அதன்மேல் நெற்றியை வைத்து ஜெபிப்பார்கள். வரிசை நீளும், அவசரப்பட வேண்டாம். சனி இரவு மெழுகுவர்த்தி ஆராதனை. புகைப்படத்தில் பார்த்தது அதைத்தான். அழகானது, வாரத்தின் உச்சமல்ல.

போகும் வழி: பாரிஸ் நகரிலுள்ள 'கார் த லியோன்' (Gare de Lyon) ரயில் நிலையத்திலிருந்து அதிவேக ரயிலில் மாக்கோன்-லோஷே, அங்கிருந்து பேருந்து. ஞாயிறன்று பேருந்து குறைவு, நேரம் பார்த்து ரயில் பிடியுங்கள். முதலில் சமூகத்துக்கு எழுதி இடத்தை உறுதி செய்துகொண்டு, பிறகு ஷெங்கன் விசாவுக்கு விண்ணப்பியுங்கள். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம். அடுக்குக் கட்டில் அறையோ கூடாரமோதான் கிடைக்கும், எனவே தூக்கப்பை, டார்ச், மழைச்சட்டை, காதடைப்பான் தேவை. ஈஸ்டர் சமயத்தில் குளிர், ஆகஸ்டில் ஆயிரக்கணக்கில் கூட்டம். செப்டம்பர் தொடக்கம் இரண்டுக்கும் தப்பிக்கும்.