நாய்க்குக் கண்ணில் அடிபட்டால் சாயம் போட்டுப் பார்க்காமல் சொட்டு மருந்து வாங்காதீர்கள்

வயதான நாய் வளர்ப்பவர்கள் தயவுசெய்து இதை முழுதாகப் படியுங்கள். எங்கள் பகுதியில் உள்ள ஒரு தனியார் கால்நடை கிளினிக்கில் எங்கள் நாய் மணிக்கு நடந்ததை எழுதுகிறேன். புகார் கொடுத்திருப்பதால் கிளினிக்கின் பெயரைப் போடவில்லை.

மணிக்கு 11 வயது. பொமரேனியன் என்று எல்லோரும் சொல்கிற ஸ்பிட்ஸ். பூனையைத் துரத்திக்கொண்டு காம்பவுண்டு ஓரத்து போகன்வில்லா புதருக்குள் புகுந்து வெளியே வந்தவன், இடது கண்ணைத் திறக்கவே இல்லை. கண்ணிலிருந்து தண்ணீர் வடிந்துகொண்டே இருந்தது. வெளிச்சத்தைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொண்டான். மறுநாள் காலையிலேயே தூக்கிக்கொண்டு போனோம்.

அந்த டாக்டர் கைபேசி டார்ச்சை அடித்து ஒரு நிமிடம்கூடப் பார்த்திருக்க மாட்டார். "வயசாயிடுச்சு மேடம், புரை விழ ஆரம்பிச்சிருக்கு. கூடவே இன்ஃபெக்‌ஷன்" என்றார். முள் செடிக்குள் போய் வந்தான் என்று இரண்டு முறை சொன்னேன், காதிலேயே வாங்கவில்லை. ஓர் ஊசி போட்டார். கண் டானிக், வைட்டமின் மாத்திரை, அப்புறம் ஒரு சொட்டு மருந்து பாட்டில். அதற்குப் பெட்டி இல்லை. மேலே ஒட்டியிருந்த லேபிளையும் உரித்திருந்தார்கள். மருந்துச் சீட்டு கேட்டதற்கு, "வெளியே கிடைக்காது, எங்ககிட்டயே வாங்கிக்கலாம்" என்று பதில். பில்லில் 'மருந்து' என்று ஒரே வரி.

முதலில் சிவப்பு குறைந்தது. நமக்கும் நிம்மதியாக இருக்கும். அடுத்த சில நாட்களில் கருவிழி (கண்ணின் முன்பக்கத்தில் கண்ணாடி மாதிரி இருக்கும் படலம்) நடுவில் நீலம் கலந்த வெள்ளை படர்ந்தது. பச்சைப் பீளை தள்ள ஆரம்பித்தது. திரும்பப் போனோம். அதே மருந்தை இன்னும் அடிக்கடி விடச் சொல்லி, இன்னொரு பாட்டில், இன்னொரு பில். அதற்கடுத்த முறை, "கண்ணை எடுத்துடறதுதான் நல்லது, முன்பணம் கட்டிட்டுப் போங்க" என்றார். அதுவரை அந்தக் கண்ணுக்கு ஒரு பரிசோதனைகூட நடக்கவில்லை.

அங்கிருந்து நேராக, கண் சிகிச்சையில் பழகிய வேறொரு டாக்டரம்மாவிடம் போனோம். அவர் கேட்ட முதல் கேள்வியே "என்ன மருந்து விட்டீங்க?" என்பதுதான். பாட்டிலை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உரித்த லேபிளின் ஓரத் துண்டில் டெக்ஸாமெத்தசோன் என்ற பெயரின் பாதி எழுத்துகள் இருந்தன. அது ஸ்டீராய்டு.

கருவிழியில் புண் இருக்கும்போது ஸ்டீராய்டு சொட்டு விடவே கூடாது. சிவப்பையும் வீக்கத்தையும் அது அமுக்கிவிடுவதால் பார்க்கிறவருக்குக் கண் தேறுவதுபோல் தெரியும். ஆனால் புண் ஆறாது, கிருமிக்கு இடம் கிடைக்கும், கருவிழியே கரைய ஆரம்பிக்கும். நாயின் கருவிழி மொத்தமே அரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான தடிமன்தான். கரைய ஆரம்பித்தால் ஓரிரு நாளில் ஓட்டையே விழுந்துவிடலாம். மணிக்கு நடந்தது அந்தக் கரைதல்தான். புண்ணின் ஓரம் கூழ் மாதிரி ஆகியிருந்தது.

புண் இருக்கிறதா என்று கண்டுபிடிப்பது பெரிய வித்தையும் இல்லை. ஃப்ளூரசீன் என்ற ஆரஞ்சு நிறச் சாயம் தோய்ந்த ஒரு சின்னக் காகிதத் துண்டு போதும். அதை நனைத்துக் கண்ணில் தொட்டு, கழுவிவிட்டு, நீல விளக்கில் பார்ப்பார்கள். மேல்தோல் போன இடம் மட்டும் பச்சையாக ஒளிரும். ஐந்து நிமிட வேலை. பச்சை வளையத்துக்கு நடுவில் சாயம் ஒட்டாத தெளிவான வட்டம் தெரிந்தால், கடைசிச் சவ்வு மட்டும்தான் மிச்சம் என்று அர்த்தம்; அன்றைக்கே அறுவை சிகிச்சைக்கு ஏற்பாடு செய்ய வேண்டும். கண்ணீர் எவ்வளவு சுரக்கிறது என்று அளக்க இன்னொரு காகிதப் பட்டை உண்டு. ஒரு நிமிடத்தில் 15 மில்லிமீட்டர் அளவுக்காவது அது நனைய வேண்டும். வயதான நாய்களுக்குக் கண் வறட்சி அதிகம் வரும், வறண்ட கண்ணில் புண் திரும்பத் திரும்ப வரும் என்பதால் இதையும் கேட்டு வாங்குங்கள். டாக்டரம்மா இரண்டையும் செய்தார். நாய்க்குக் கண்ணின் உள்மூலையில் இருக்கும் மூன்றாவது இமைக்குப் பின்னால் முள் துண்டு மாட்டியிருக்கிறதா என்றும் விலக்கிப் பார்த்தார்.

'வயசு' என்கிற பேச்சில் ஏமாறாதீர்கள். ஏழெட்டு வயதுக்கு மேல் நாயின் கண்ணுக்குள் நீலச்சாம்பலாக ஒரு மங்கல் தெரிவது சகஜம்தான். லென்ஸ் இறுகுவதால் வருவது அது. இரண்டு கண்ணிலும் மெதுவாக வரும், வலிக்காது. புரை தொடங்கும்போதும் நாய் கண்ணை இறுக மூடிக்கொள்ளாது. ஒரு கண் மட்டும், திடீரென்று, தண்ணீர் வடிந்து, காலால் தேய்த்துக்கொண்டு இருந்தால் அது வலி. அன்றைக்கே காட்ட வேண்டிய விஷயம்.

மேலோட்டமான சாதாரணப் புண் சரியான ஆன்டிபயாடிக் சொட்டில் ஒரு வாரத்துக்குள் ஆறிவிடும். ஆறவில்லை என்றால் காரணம் தேட வேண்டும், மருந்தை மட்டும் மாற்றிக்கொண்டே போகக் கூடாது. நடுவயது தாண்டிய நாய்களுக்கு இன்னொரு வகைப் புண் உண்டு. புதுத் தோல் வளரும், ஆனால் அடியில் ஒட்டாமல் ஓரமெல்லாம் தளர்ந்து கிடக்கும். அதற்கு எத்தனை பாட்டில் ஊற்றினாலும் பலன் இருக்காது. மரத்துப்போக மருந்து விட்டு, தளர்ந்த தோலைப் பஞ்சுக் குச்சியால் துடைத்தெடுத்து, தேவைப்பட்டால் வைரத்தூள் பதித்த சின்னக் கருவியால் தேய்த்துவிட்டால்தான் ஆறும். மரத்துப்போக வைக்கும் அந்தச் சொட்டைப் பரிசோதனை அறையில் மட்டும்தான் விடலாம். வீட்டில் விட யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள், அது புண் ஆறுவதைத் தடுக்கும்.

மணியின் ரத்தத்தையே எடுத்து, இயந்திரத்தில் சுற்றிப் பிரித்த சீரத்தை (ரத்தத்தின் தெளிந்த நீர்ப்பகுதி) சொட்டாகக் கொடுத்தார்கள். கருவிழி கரைவதை நிறுத்தும் சக்தி அதற்கு உண்டு. ஆரம்பத்தில் ராத்திரி பகல் பார்க்காமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை அதையும் ஆன்டிபயாடிக் சொட்டையும் மாற்றி மாற்றி விட்டோம், நடுவில் ஐந்து நிமிட இடைவெளியோடு. வலிக்குத் தனி மருந்து, கழுத்தில் கூம்பு. கண் தப்பித்தது. கருவிழியில் பூ விழுந்த மாதிரி ஒரு வெள்ளைத் தழும்பு நின்றுவிட்டது. அந்தப் பக்கம் பார்வை மங்கல்தான். அந்த முதல் நாளே சாயம் போட்டிருந்தால் இந்தத் தழும்பே வந்திருக்காது என்று எனக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை.

பாட்டிலில் டெக்ஸாமெத்தசோன், பிரெட்னிசோலோன், பீட்டாமெத்தசோன் என்று ஏதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு. மெடிக்கலில் கிடைக்கும் பல சொட்டுகளில் இவை ஆன்டிபயாடிக்கோடு கலந்தே வரும், சிலவற்றில் பெயருக்குப் பின்னால் 'டி' அல்லது 'டிஎக்ஸ்' ஒட்டியிருக்கும். வீட்டில் யாருக்காவது கண்வலிக்கு வாங்கி மிச்சம் இருந்தாலும் நாய்க்கு விடாதீர்கள். சாயம் போட்டுப் பார்க்காமல் இந்த மருந்தைக் கொடுக்கிற இடத்திலிருந்து நாயைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிடலாம். பக்கத்தில் வசதி இல்லையென்றால் வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரிகளோடு சேர்ந்த மருத்துவமனைகள் இருக்கின்றன.

நான் மாநிலக் கால்நடை மருத்துவ மன்றத்துக்கு எழுதியிருக்கிறேன். 1984ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவ மன்றச் சட்டப்படி, பதிவு செய்த டாக்டர்தான் வைத்தியம் பார்க்க முடியும். பதிவு எண்ணைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு, தயங்காதீர்கள். பில்லில் மருந்தின் பெயர் இல்லாததால் என் கையில் இருக்கும் ஆதாரம் அந்தப் பாட்டிலும், கண்ணைத் தேதியோடு எடுத்த படங்களும்தான். நீங்களும் காலி பாட்டிலைக் குப்பையில் போடாதீர்கள், கண்ணைத் தினமும் ஒரு படம் எடுத்து வையுங்கள். இதே மாதிரி லேபிள் உரித்த பாட்டில் உங்களுக்கும் யாராவது கொடுத்திருந்தால் நீங்களும் மன்றத்துக்கு எழுதுங்கள்.