சுவிஸ் மணிக்கூடும் கிளிநொச்சிப் புழுதியும்: நான்கு வருட அனுபவம்

அண்ணா சுவிஸிலிருந்து வந்தபோது கொண்டுவந்து கட்டிவிட்ட மணிக்கூடு இது. விலையைக் கேட்ட அம்மா, "இந்தக் காசுக்கு வயல் உழ ஒரு லான்ட்மாஸ்ரர் எடுத்திருக்கலாமே" என்றார். பிழையான கணக்கு என்று சொல்ல முடியவில்லை. பின்னால் ஒரு மனக்குறையும் எழுதப் போவதால் நிறுவனத்தின் பெயரை விட்டுவிடுகிறேன். பற்றரி இல்லாத, கையசைவில் தானாக முறுகும் இயந்திரம். மணிக்கு 28,800 துடிப்பு. முழுதாக முறுகினால் 70 மணித்தியாலம் ஓடும் என்பது பேச்சு, அது உண்மைதான். வெள்ளி பின்னேரம் கழற்றி வைத்துவிட்டு வயலுக்குப் போனால் திங்கள் காலை பள்ளிக்கூடம் போகும்போது ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

பெட்டிக்குள் குரோனோமீற்றர் சான்றிதழ், அதாவது நேரம் துல்லியமாக ஓடும் என்று சோதித்துக் கொடுக்கும் சான்றிதழ், இருந்தது. சுவிஸின் சி.ஓ.எஸ்.சி அமைப்பு இயந்திரத்தை 15 நாட்கள், ஐந்து நிலைகளில், 8, 23, 38 பாகை வெப்பநிலைகளில் வைத்துப் பார்க்கும். சராசரியாக ஒரு நாளைக்கு 4 செக்கன் பிந்தலாம், 6 செக்கன் முந்தலாம். அதற்குள் நின்றால்தான் சான்றிதழ். அந்த 38 பாகையைப் படித்தபோது சிரிப்பு வந்தது. சித்திரை வெயிலில் பரந்தன் சந்தியில் பஸ்ஸுக்கு நின்றால் அந்தச் சோதனையை நாங்களும் எழுதுகிறோம்.

ஞாயிறு இரவுகளில் போன் நேரத்தோடு ஒப்பிட்டு ஒரு கொப்பியில் குறித்து வந்தேன். முதல் ஆறு மாதம் ஒரு நாளைக்கு 4 செக்கன் முந்தியது. ஒரு நாளில் 86,400 செக்கன் இருக்கிறது, அதில் நான்கு. மலிவான குவார்ட்ஸ் மணிக்கூடு ஒரு மாதத்திலேயே ஏறக்குறைய 15 செக்கன்தான் தவறும் என்பதையும் சொல்லவேண்டும். சரியான நேரம் மட்டும் வேண்டியவர் இதை வாங்கத் தேவையில்லை.

இரவில் வைக்கும் விதத்தாலும் வேகம் மாறும். என்னுடையது முகம் மேலே பார்க்கக் கிடந்தால் கொஞ்சம் முந்தும், நேரம் திருப்பும் பக்கக் குமிழ் மேலே இருக்க நிமிர்த்தி வைத்தால் பிந்தும். இதைப் பிடித்துக்கொண்ட பிறகு மாதக்கணக்காக அரை நிமிடத்துக்குள்ளேயே வைத்திருந்தேன். பள்ளிக்கூட மணியோ அலுவலகச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துத்தான் அடிக்கிறது. அது இரண்டு நிமிடம் முன்னே. அதை யாரும் கேட்பதில்லை.

அப்பாவின் சீக்கோ 5 இன்னும் வீட்டில் இருக்கிறது. பொருளாதாரத் தடைக்காலத்தில் பற்றரி வன்னிக்குள் வராது. கையசைவில் ஓடும் மணிக்கூட்டின் அருமை எங்களுக்கு அப்போதே தெரியும். 1996 இல் அரசாங்கம் நேரத்தை முன்னே தள்ளியபோது புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த வன்னி பழைய நேரத்திலேயே நின்றது. போர்நிறுத்தத்தில் பாதை திறந்த பிறகு, இரு பகுதிக்கும் எல்லையாக இருந்த ஓமந்தையைக் கடக்கும் இடத்தில் அப்பா குமிழை இழுத்து அரை மணித்தியாலம் முன்னே தள்ளுவார், திரும்பும்போது பின்னே இழுப்பார். 2006 சித்திரையில் நாடு முழுவதும் பழைய நேரத்துக்கே வந்தது. அரை மணித்தியாலத்தோடு வாழ்ந்த ஊரில் நான் நான்கு செக்கனுக்குக் கொப்பி வைத்திருக்கிறேன்.

சரி, மனக்குறைக்கு வருகிறேன். இரண்டாம் வருடம், இல்ல மெய்வல்லுநர் போட்டி நாள். கயிறிழுத்தல் பிள்ளைகளுக்குக் கை கொடுக்கப் போகும்போது மணிக்கூட்டைக் கழற்றி ஒலிபெருக்கிப் பெட்டியின் மேல் வைத்துவிட்டேன். பின்னேரம் வரை அங்கேயே கிடந்தது. அடுத்த நாளிலிருந்து ஒரு நாளைக்கு 40 செக்கனுக்கு மேல் முந்தத் தொடங்கியது. கொழும்பில் ஒரு சேவை நிலையத்துக்குப் போன் எடுத்துக் கேட்டேன். "முழுச் சேவிஸ் செய்ய வேண்டும், அனுப்புங்கள்" என்றார்கள். தொகையைக் கேட்டதும் அம்மாவின் லான்ட்மாஸ்ரர் நினைவுக்கு வந்தது. காந்தத்துக்குக் கிட்ட வைத்தீர்களா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

யாழ்ப்பாணத்தில் மணிக்கூடு திருத்தும் ஓர் ஐயா அதைத்தான் முதலில் கேட்டார். போனில் திசைகாட்டியைத் திறந்து மணிக்கூட்டைக் கிட்டக் கொண்டுபோனார், முள் ஆடியது. உள்ளே இருக்கும் மெல்லிய சுருள்வில்லில் காந்தம் ஏறினால் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டும், வில் குறுகினதுபோல் ஆகும், துடிப்பு விரையும். ஒரு சின்னப் பெட்டியை மின்சாரத்தில் போட்டு, மேலே மணிக்கூட்டைப் பிடித்து மெல்ல மெல்ல உயர்த்தி எடுத்தார். ஒரு நிமிடம் பிடிக்கவில்லை. பழையபடி 4 செக்கன். சிலிக்கன் வில் போட்ட மணிக்கூடுகளுக்கு இந்த வருத்தம் வராது, வாங்குகிறவர்கள் அதை விசாரித்து வாங்குங்கள்.

அதே ஐயாவிடம் "உள்ளே ஒருக்கால் திறந்து பாருங்கோவன்" என்று கேட்டதற்கு மறுத்துவிட்டார். "உத்தரவாதம் போயிடும் தம்பி. தண்ணி போகாமல் இருக்கிற வளையமும் மாத்த வேணும், அது என்னட்டை இல்லை." அதற்காகவே அவரை இன்னும் நம்புகிறேன்.

கிரவல் ரோட்டில் மோட்டார் சைக்கிள் ஓடியதில் ஒன்றும் ஆகவில்லை. மண்வெட்டி பிடிக்கும்போது மட்டும் கழற்றிவிடுவேன். புழுதி வார்ச் சங்கிலியின் இடுக்குகளில் ஏறும், குமிழை இறுக்கிவிட்டுப் பழைய பல் தூரிகையால் கழுவினால் போதும்.

இந்த வருடம் கொப்பி வேறு கதை சொல்கிறது. மாசியிலிருந்து ஒரு நாளைக்கு 3 செக்கன் பிந்துகிறது. திசைகாட்டி முள் ஆடவில்லை, ஆகவே காந்தம் இல்லை. துடிப்பை அளக்கும் ஐயாவின் கருவியில் வைத்தபோது, உள்ளே இங்கும் அங்கும் ஆடும் சமநிலைச் சக்கரத்தின் வீச்சு 240 பாகைக்குக் கிட்ட நின்றது. 270க்கு மேல் இருந்தால் நல்லது என்றார். உள்ளே எண்ணெய் காய்ந்து வருவதாக இருக்கலாம். ஐந்து வருட உத்தரவாதத்தில் இன்னும் எட்டு மாதம் இருக்கிறது. ஆவணி விடுமுறையில் கொழும்புக்கு நானே கொண்டுபோகிறேன், கொப்பியையும் சேர்த்து. அது திரும்பி வரும்வரை கையில் அப்பாவின் சீக்கோ.