கடற்கரையிலிருந்து கோத்தகிரிக்கு வந்த பழைய கார்: பிரேக் சத்தமும் துருவும்

சென்னையில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழே வெகுநாள் நகராமல் நின்ற 2013 மாடல் பெட்ரோல் கார் இது. முன்னால் டிஸ்க் பிரேக், பின்னால் டிரம் பிரேக். நம் ஊரில் ஓடும் சின்னக் கார்களில் பெரும்பாலானவை இந்த அமைப்புதான் என்பதால் எந்தக் கம்பெனி என்பது இங்கே தேவையில்லை. கோத்தகிரிக்குக் கொண்டுவந்து நான்கைந்து வருடமாக ஓட்டுகிறோம். இன்ஜின், மைலேஜ் பற்றிக் குறை ஒன்றுமில்லை. ஏசி போட்டே வெகுநாள் ஆகிறது. எழுத வேண்டியது பிரேக்கைப் பற்றித்தான். பழைய கார் பார்க்கப் போகிறவர்கள் டிஸ்க்கில் துருவைக் கண்டால் மிரள்கிறார்கள், சத்தமில்லாத வண்டியை நம்பி வாங்குகிறார்கள். என் அனுபவம் கிட்டத்தட்ட நேர்மாறு.

முதலில் துரு. ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் எங்கள் பக்கம் வெயிலைப் பார்ப்பதே அபூர்வம். மழை நின்றாலும் மஞ்சு நிற்காது. டிஸ்க் என்பது சக்கரத்தோடு சுழலும் வார்ப்பிரும்புத் தட்டு. பிரேக் பிடிக்கும்போது அதை இருபுறமும் அழுத்தும் பட்டைகள்தான் பேட். பேட் உரசும் முகத்தில் பெயின்ட் அடிக்கவும் வழியில்லை. ராத்திரி நனைந்தால் விடிவதற்குள் ஆரஞ்சு நிறத்தில் மெல்லிய துரு படிந்துவிடும். காலையில் முதல் சில தடவை பிரேக் பிடிக்கும்போது கரகரவென்று சத்தம் வரும், தெருமுனை தாண்டுவதற்குள் அடங்கிவிடும். இது கோளாறே இல்லை. சாயங்காலம் வண்டியைக் கழுவி அப்படியே நிறுத்தாமல், ஒரு சுற்று ஓட்டி, லேசாகப் பிரேக் பிடித்து ஈரத்தைக் காயவிட்டால் இதுவும் குறையும்.

பின் டிரம்மின் தொல்லை வேறு. ஈரத்தோடு ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு இரண்டு மூன்று நாள் வண்டியை எடுக்காமல் இருந்தால், டிரம்முக்குள் உரசும் பட்டையான ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். கிளம்பும்போது பின்பக்கம் தயங்கி, ‘டொக்’கென்று விடும். இங்கே சமதரை கிடைப்பது கஷ்டம், அதனால் ஹேண்ட் பிரேக் போடாமல் விடவும் முடியாது. சமமான இடம் கிடைத்தால் மட்டும் கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, ஹேண்ட் பிரேக்கைத் தளர்த்தி விடுகிறோம். சரிவில் நிறுத்தினால் எல்லாமே வேண்டும்: ஏற்றம் பார்த்து நின்றால் முதல் கியர், இறக்கம் பார்த்து நின்றால் ரிவர்ஸ், அப்புறம் ஹேண்ட் பிரேக், கட்டை. ஷூ ஒட்டினால் ஒட்டட்டும்.

வண்டியைக் காட்டிய புரோக்கர், “துருவெல்லாம் ஓட ஓடப் போயிடும்” என்றார். பாதி உண்மை. முகத்தில் இருந்த துரு போனது. ஆனால் இடது முன்சக்கரத்திலிருந்து ஒரு உரசல் சத்தம் மட்டும் எத்தனை கிலோமீட்டர் ஓடினாலும் போகவில்லை. பிரேக்கிலிருந்து காலை எடுத்த பிறகும் அது கேட்டதுதான் முக்கியமான தடயம். சமதரையில் கொஞ்ச தூரம் பிரேக் அதிகம் பிடிக்காமல் ஓட்டி, நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் கையைக் கொண்டுபோய்ப் பார்த்தால் இடது பக்கம் மட்டும் அனல் அடித்தது. தொட்டுப் பார்க்கக் கூடாது, சுட்டுவிடும்.

ஒர்க்‌ஷாப்பில் சக்கரத்தைக் கழற்றியதும் மெக்கானிக் தம்பி டிஸ்க்கைக் கவனிக்கவே இல்லை. “அக்கா, துருவை விடுங்க, இந்தப் பின்னைப் பாருங்க” என்று, பேடுகளைப் பிடித்து டிஸ்க்கில் அழுத்தும் காலிப்பர் நகர்வதற்கான பின்னை, அதாவது ஒரு உருளைக் கம்பியை, இழுத்துக் காட்டினார். இழுத்தால் வரவில்லை, திருகித்தான் எடுக்க வேண்டியிருந்தது. ரப்பர் உறை கிழிந்து, உள்ளே கிரீஸ் காய்ந்து, பின் முழுக்கப் பழுப்புத் தூள். காலிப்பர் அந்தப் பின் மேல் தாராளமாக நகர்ந்தால்தான் இரண்டு பேடும் ஒரே மாதிரி அழுத்தும், ஒரே மாதிரி விலகும். நகராததால் உள் பேட் தகடு தெரியும் அளவுக்குத் தேய்ந்திருந்தது, வெளி பேட் பாதிக்கு மேல் மிச்சம். சக்கரத்தின் இடைவெளி வழியாக எட்டிப் பார்ப்பவர் கண்ணுக்கு வெளி பேட்தான் தெரியும். பழைய கார் வாங்குபவர்கள் ஏமாறுகிற இடம் இதுதான். பின்னைச் சுத்தம் செய்து, ரப்பரைக் கெடுக்காத பிரேக் கிரீஸ் தடவி, புது உறையும் இரண்டு பக்கமும் புது பேடும் போட்டதோடு சத்தம் நின்றது. சாதா கிரீஸ் தடவினால் ரப்பர் உப்பி மறுபடியும் இறுகிவிடும். அதைக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

அதே நாளில் பிரேக் ஆயில் டப்பாவைத் திறந்தோம். புது ஆயில் வெளிறிய தேன் நிறத்தில் இருக்கும். இதில் இருந்தது டிக்காஷன். இதற்கு எந்தச் சத்தமும் கிடையாது, ஊருக்குள் ஓட்டும்போது ஒரு வித்தியாசமும் தெரியாது. மலை இறங்கும்போதுதான் தெரியும்.

கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் ஏறக்குறைய 33 கிலோமீட்டர். அதற்குள் 1,400 மீட்டருக்கு மேல் இறங்குகிறோம். ஒரு டன் எடையுள்ள கார் அவ்வளவு உயரத்தைப் பிரேக்கால் மட்டுமே இறங்கினால் பிறக்கும் சூடு, 40 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதும். அந்தச் சூட்டில் ஒரு பங்கு ஆயிலுக்கும் போகிறது. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் குணமுள்ளது. டாட் 4 ரகம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது, 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்தால் அந்த வரம்பு 155 வரை இறங்கலாம். ஆயில் கொதித்தால் குழாயில் ஆவி நிற்கும். ஆவி அமுங்கும், ஆயில் அமுங்காது. பெடல் சொதசொதவென்று தரைக்குப் போகும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஆயில் மாற்றுவது ஆகும் செலவுக்கு மிகப் பெரிய காப்பு. இந்த வண்டியில் முந்தைய உரிமையாளர் மாற்றியதற்கான பில் ஒன்றுகூட இல்லை.

மற்றபடி ஓட்டும் விதம்தான். ஏறுவதற்கு எந்தக் கியரோ இறங்குவதற்கும் அதே கியர், பெரும்பாலும் இரண்டாவது. பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுபவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும். கியரில் இறங்கும்போது இன்றைய இன்ஜின்கள் பெட்ரோலையே நிறுத்திவிடுகின்றன, நியூட்ரலில்தான் ஐடிலுக்குக் குடிக்கின்றன. இன்ஜினையே அணைப்பவர்கள் அதற்கும் மேல்: ஓரிரு மிதியோடு, பெடலை லேசாக்கும் பூஸ்டரின் உதவி போய், பெடல் கல்லாகிவிடும். ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும், 36 கொண்டை ஊசி வளைவுள்ள கல்லட்டிப் பாதையில் நாங்கள் முதல் கியரிலும் இறங்கியிருக்கிறோம். கருகிய வாடை வந்தால் ஓரம் கட்டி ஆற விடுங்கள். சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்ற வேண்டாம், கோணிக்கொள்ளும் அல்லது விரிசல் விடும்.

இப்போதைய நிலை: பேட் இரண்டாம் செட் ஓடுகிறது. வருடம் ஒருமுறை மழைக்காலம் முடிந்ததும் நான்கு சக்கரத்தையும் கழற்றி, பின்னைத் துடைத்துக் கிரீஸ் வைத்து, டிரம்மில் சேர்ந்த தூளை எடுத்துவிடுகிறோம். சென்னை உப்புக்காற்று டிஸ்க்கின் ஓரத்தில் வரம்பு கட்டிய துரு அப்படியே இருக்கிறது; பேட் அங்கே உரசுவதில்லை, அதனால் விட்டுவிட்டோம். டிஸ்க் கனம் மட்டும் அதில் பொறித்திருக்கும் குறைந்தபட்ச அளவை நெருங்குகிறது. லேத்தில் கடைந்தால் முகம் சமமாகும் என்று ஒருவர் சொன்னார்; கடைந்தால் கனம் இன்னும் குறையுமே. அடுத்த பேட் மாற்றும்போது இரண்டு டிஸ்க்கையும் சேர்த்தே புதிதாகப் போட்டுவிடுவதாக இருக்கிறோம்.