கருப்பா வெள்ளையா? ஹைட்ரஜன் ஓ-ரிங்குக்கு எந்த ஃபில்லர்

சேதராப்பட்டு பக்கம் ஒரு மோல்டிங் யூனிட்ல காம்பவுண்ட் (ரப்பர் கலவை) பாக்குற ஆளு நான். இத்தனை நாளா பம்பு, வால்வுன்னு கசிவை அடைக்குற ரப்பர் வளையம், அதான் ஓ-ரிங், ஓட்டிக்கிட்டிருந்தோம், இப்ப ஹைட்ரஜன் சீல் கேட்டு என்கொயரி வருது, வர்றவங்க எல்லாரும் முதல்ல கேக்குறது "கேஸ் எவ்ளோ ஊடுருவும்?"னுதான். அந்த ஒரு நம்பரை நம்பி ஃபில்லர் (ரப்பர்ல கலக்குற பொடி) எடுத்தா மாட்டிக்குவீங்க.

ஏன்னா அந்த நம்பர்ல ரெண்டு விஷயம் ஒளிஞ்சிருக்கு: ரப்பருக்குள்ள கேஸ் எவ்ளோ கரையுது, எவ்ளோ வேகமா நகருது. ரெண்டையும் பெருக்குனா ஊடுருவல். கருப்புப் பொடியான கார்பன் பிளாக் போட்டாலும் வெள்ளைப் பொடியான சிலிக்கா போட்டாலும் துகளுக்குள்ள புக முடியாம கேஸ் சுத்திதான் போகணும், அதனால வேகம் குறையும். இதுல ரெண்டும் ஒண்ணுதான்.

வித்தியாசம் கரையுற இடத்துல. கார்பன் பிளாக் மேல்பரப்புல ஹைட்ரஜன் போய் ஒட்டிக்குது, சிலிக்கா மேல அப்படி ஒட்டுறதில்ல. இத்தனைக்கும் நாம வாங்குற சாதா சிலிக்காவுக்கே கிராமுக்கு 175 சதுர மீட்டர் பரப்பு, என்330 ரக பிளாக்குக்கு அதுல பாதிகூட இல்ல. ஒட்டுன கேஸ் மெதுவாத்தான் நகரும், அதனால பிளாக் காம்பவுண்ட் ஊடுருவல் டெஸ்ட்ல நல்ல பிள்ளையா நிக்கும், ஆனா உள்ள கேஸை நிறைய பதுக்கி வச்சிருக்கும்.

பதுக்குனா என்னன்னு கேப்பீங்க. வண்டி டேங்க் பிரஷர் 700 பார் வரைக்கும் போகுது. அதை சட்டுனு இறக்குனா பன்னீர் சோடா கோலிய அமுக்குன மாதிரிதான், உள்ள இருக்குற கேஸ் வெளிய வர வழி தேடி குமிழ் ஊதும். அடிபட்ட ஓ-ரிங்கை பிளேடால குறுக்க வெட்டி லென்ஸ் வச்சு பாருங்க, வெளிய பளபளன்னு இருக்கும், நடுவுல மட்டும் முடி மாதிரி கீறல்.

சரி, பிளாக்குலயே பரப்பு கம்மியான என்990 ரகம் போடலாமேன்னா, பதுக்கல் குறையும்தான், ஆனா ரப்பருக்கு பலமும் வராது, அந்தக் குமிழுக்கு முன்னாடி நிக்கணும்ல? பலமும் வேணும் பதுக்கலும் கூடாதுன்னா சிலிக்காதான் என் ஓட்டு.

அதுக்காக சிலிக்கா சொக்கத்தங்கம்னு நினைச்சுடாதீங்க. நம்ம ஊர் கடல் காத்துக்கு, அதுவும் ஐப்பசி மழையில, பையைத் திறந்து வச்சா ஈரத்தை இழுத்து வச்சிக்கும், மோல்டுல இருந்து எடுத்தா பீஸ்ல பொரிப்பொரியா ஓட்டை. மில்லுல போட்டா மாவு மாதிரி பறக்குது, காம்பவுண்ட் விறைச்சிக்குது, சிலிக்காவை ரப்பரோட ஒட்டவைக்குற சைலேன் செலவு தனி, சல்ஃபர் போட்டு வேக வைக்குற சிஸ்டம்னா அதை வேகப்படுத்துற ஆக்ஸிலரேட்டரை உறிஞ்சி க்யூரை (ரப்பர் வேகுறதை) லேட் பண்ணுதுன்னு, அதைத் தடுக்க டிஇஜி (டைஎத்திலீன் கிளைக்கால்) வேற போடணும். கம்ப்ரஷன் செட்டும் (அமுக்கி விட்டா ரப்பர் எவ்ளோ நசுங்கியே நிக்குதுங்கிற கணக்கு) பிளாக் அளவுக்கு வர்றது கஷ்டம்.

டால்க், மைக்கா மாதிரி தட்டை ஃபில்லர் ஷீட்டுக்கு ஓகே, துகள் படுத்த வாக்குல இருந்தா கேஸுக்கு வழி நீளும். ஓ-ரிங் மோல்டுல அது எந்தப் பக்கம் படுக்கும்னு யாரு கண்டா?

பிரஷர் ஏறாம இறங்காம ஒரே லெவல்ல நிக்கிற லைனுக்கு பழைய என்550 பிளாக் காம்பவுண்டே போதும், காசை வீணாக்காதீங்க. ஏறி இறங்குற இடத்துக்கு ஈபிடிஎம் ரப்பர்ல சிலிக்கா. ஒரே தலைவலி கலர்தான், வெள்ளை சாம்பிளைப் பாத்துட்டு ஒரு கஸ்டமர் "இது என்ன குக்கர் காஸ்கெட்டா?"ன்னு கேட்டுட்டாரு, அன்னிலிருந்து கலருக்குன்னு நூறு பங்கு ரப்பருக்கு 2 பங்கு பிளாக் சேத்து அனுப்புறோம்.