நூறோடு நின்றுவிடும் மழைமானி

போன வருசம் ஆடி மாதம் இலங்கை மலைநாட்டுப் பண்டாரவளையில், உரமும் மருந்தும் விற்கிற ஒரு கடையில் 1,150 ரூபாய்க்கு வாங்கினேன். கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் குழாய், மேலே புனல், கம்பத்தில் மாட்ட ஒரு கொளுக்கி, இரண்டு ஆணி. கோடுகள் 100 மில்லிமீற்றர் வரைக்கும். தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் பதினேழு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது நான். கட்டடத்துக்குப் பின்னால் ஏறினால் தேயிலை மலை, அதற்கும் மேலே வெடிப்பு விட்ட ஒரு மண்மேடு. மழையை அளக்க எனக்கென்ன வந்தது என்று கேட்பவர்கள் அந்த மேட்டை ஒருதரம் வந்து பார்க்கலாம்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். கோடுகள் அழியவில்லை. புனலைக் கழற்றிக் கழுவ லேசு. கழுவாவிட்டால் பாசி பிடித்து, கோடு எது பாசி எது என்று தெரியாமல் போகும். கூரைத் தண்ணி தெறிக்காத வெட்டவெளியில் கம்பம் நட வேண்டும். முதல் மாதம் தகரக் கூரைக்குக் கீழே வைத்துவிட்டு, வந்த எண்ணைப் பார்த்து நானே பயந்துபோனேன். தினமும் காலை 8.30க்குப் பார்த்துக் கொப்பியில் எழுதிவைக்கிறேன்.

குறை என்னவென்றால், தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவுக் கணக்கில் 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் தாண்டினால் விழிப்பாக இருக்க வேண்டும், 100 தாண்டினால் எச்சரிக்கை, 150 தாண்டினாலோ ஒரே மணித்தியாலத்தில் 75 கொட்டினாலோ வீட்டை விட்டு வெளியேற வேண்டும். ஓட வேண்டிய அந்த 150 இந்தக் குழாயில் இல்லவே இல்லை.

திட்வா புயலின்போது, 2025 நவம்பர் 27 இரவு அது எனக்கு நன்றாக விளங்கியது. பத்து மணிக்கு டோர்ச் அடித்துப் பார்த்தால் குழாய் நிரம்பி வழிகிறது. 100 என்று எழுதி, ஊற்றிவிட்டு, திரும்பவும் மாட்டினேன். வழிந்துபோனது எவ்வளவோ, யாருக்குத் தெரியும்? ஒரு மணிக்கு இன்னொரு 60. அதற்குள் லயத்து, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளின், சனத்தை எழுப்பி, பாய் தலையணையோடு, காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடுகிற பிரட்டுக்களத்துக்குக் கீழே இருக்கிற பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோயாயிற்று. கைத்தொலைபேசிக்கு எச்சரிக்கை வந்தது விடிந்த பிறகு, அதுவும் சிங்களத்தில். எங்கள் மேடு அன்றைக்குச் சரியவில்லை. நாடு முழுக்க 600க்கு மேல் உயிர் போனது.

கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்துக்கு 2005இலும் 2011இலும் மண்சரிவு எச்சரிக்கை கொடுத்திருந்தார்கள். 2014 ஒக்டோபர் 29இல் மலை லயங்களின் மேல் வந்து இறங்கியது. சனம் மாற வேண்டும் என்று தெரிந்திருந்தும் மாற்ற ஆளில்லை. எங்களுடைய கதையும் அதுதான். காணி அரசாங்கத்துடையது, குத்தகை கம்பனியுடையது, வெடிப்பு மட்டும் எங்களுடையது. தோட்டத்து ஒஃபிசில் கேட்டால் அரசாங்கத்தைக் கேள் என்பார்கள், அங்கே போனால் தோட்டத்தைக் கேள் என்பார்கள்.

அதனால் இந்தக் கொப்பி எனக்கு இன்னொரு வேலைக்கும் உதவியது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு அரச அலுவலகத்துக்குத் தமிழில் விண்ணப்பம் எழுதினேன். எங்கள் மேட்டைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள், எங்களுக்கு மாற்றுக் காணி எங்கே, எப்போது என்று மூன்றே கேள்வி. உயிரோடு சம்பந்தப்பட்ட தகவலை 48 மணித்தியாலத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறது. பதில் வர ஐந்து கிழமை ஆனது; "தோட்ட நிர்வாகத்தை நாடவும்" என்று ஒரே வரி. மேன்முறையீட்டோடு அந்த இரவின் கொப்பிப் பக்கத்தைப் போட்டோப் பிரதி எடுத்து இணைத்தேன். வாயால் சொன்னபோதெல்லாம் "பார்க்கிறோம்மா" என்றவர்கள், எண்ணைப் பார்த்ததும் "இதை யார் அளந்தது?" என்று கேட்டார்கள். அதுவே எனக்குப் பெரிசு.

ஏ.எல். படிக்கும் என் மகள் சொல்கிறாள், பசிபிக் தீவுகளின் சட்ட மாணவர்கள் தொடங்கிவைத்த விசயம் ஹேக் வரைக்கும் போனதாம். காலநிலையைப் பாதுகாக்கும் கடமையை ஒரு அரசு செய்யத் தவறினால் அது சர்வதேசச் சட்டத்தை மீறுவதாகலாம் என்று 2025 ஜூலை 23இல் சர்வதேச நீதிமன்றம் கருத்துச் சொன்னதாம். அரசுகளைக் கட்டுப்படுத்தாத கருத்துத்தான் என்றாலும் சந்தோசம். அது எங்கள் லயத்துக்கு வந்துசேர எத்தனை பஸ் மாற வேண்டுமோ! இலங்கை விடுகிற புகை கொஞ்சம்தான், அதற்கு நான் யாரையும் ஏசவில்லை. சரியப்போகிற மேடு என்று தெரிந்தும் ஆட்களை அங்கேயே விட்டுவைப்பதற்கு வெளிநாட்டுப் புகையைக் காரணம் காட்ட முடியாது.

ஐந்துக்கு மூன்று கொடுக்கிறேன். வாங்குகிறவர்கள் 150க்கு மேல் கோடு இருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள். கிடைக்காவிட்டால் அடியிலிருந்து வாய் வரை ஒரே அகலமான போத்தலில் அடிமட்டம் வைத்து அளந்தாலும் சரிதான். நான் இப்போது அப்படி ஒன்றை மானிக்குப் பக்கத்திலேயே கட்டிவைத்திருக்கிறேன். கொப்பியில் பேனாவால் எழுதாதீர்கள். என்னுடைய நவம்பர் பக்கத்தில் பாதி மை நனைந்து பரவிவிட்டது, போட்டோப் பிரதியில் 60 என்பது 80 மாதிரித் தெரிகிறது.